பூட்டானும் இந்தியாவும்: கேள்வி பதில்

இந்தியா – பூட்டான் உறவு பற்றிக் கேட்க விரும்புவோர் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்தவற்றில் பாதி சுற்றுலாக் கேள்விகள். அவற்றுக்குச் சேர்த்து ஒரே பதில்தான். தொடங்குமுன் ஒரு வேண்டுகோள்: இரு நாடுகளின் 1949 நட்புறவு ஒப்பந்தம் வேறு, அதைத் திருத்திய 2007 ஒப்பந்தம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கேட்காதீர்கள்.

மதுரை வாசகர்: ஐயா, எட்டு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு நம் வரிப்பணத்தைக் கோடி கோடியாகக் கொடுப்பது ஏன்?

2024 முதல் 2029 வரையிலான பூட்டானின் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இந்தியா அறிவித்த உதவி 10,000 கோடி ரூபாய். முந்தைய திட்டத்துக்கு 4,500 கோடி. இதைத் தருமம் என்று நினைப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது.

சிக்கிமுக்கும் பூட்டானுக்கும் நடுவே திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு தெற்கு நோக்கி நீண்டு வருகிறது. அதன் முனையில் டோக்லாம். அங்கிருந்து இன்னும் தெற்கே சென்றால் ஜம்பேரி மலைமுகடு. அதற்கும் கீழே சமவெளியில் சிலிகுரி வழி. வடகிழக்கு மாநிலங்களையும் மற்ற இந்தியாவையும் இணைக்கும் அந்த நிலப்பட்டை, மிகக் குறுகிய இடத்தில் இருபது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும். 2017 ஜூனில் ஜம்பேரியை நோக்கிச் சீனா சாலை போடத் தொடங்கியபோது இந்தியப் படை குறுக்கே போய் நின்றது. 73 நாட்கள் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. அந்த நிலம் இந்தியாவுடையது அல்ல. பூட்டான் தன்னுடையது என்று கோரும் நிலம். பூட்டான் தலைநகர் திம்புவில் இருப்பது நட்பு அரசு என்பதால் மட்டுமே இந்தியாவால் அங்கே நிற்க முடிந்தது.

2003 டிசம்பரையும் நினைவில் வையுங்கள். அசாமிலும் வட வங்காளத்திலும் இந்திய அரசை எதிர்த்த உல்ஃபா, போடோ, காமதாபுரி ஆயுதக் குழுக்கள் தெற்குப் பூட்டான் காடுகளில் முகாமிட்டிருந்தன. அவற்றை அப்புறப்படுத்தியது பூட்டானின் சிறிய ராணுவம். நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் களத்துக்கே சென்றார். பூட்டான் வீரர்களும் அதில் உயிர் இழந்தார்கள். அந்தக் கணக்கை எந்தக் கோடியில் எழுதுவது?

திருநெல்வேலி வாசகர்: வெளியுறவில் இந்தியா சொல்வதைக் கேட்டு நடப்பதாகத்தானே பூட்டான் கையெழுத்துப் போட்டிருக்கிறது?

அது 1949. இரண்டாம் ஷரத்தில், வெளியுறவு விஷயங்களில் இந்திய அரசின் ஆலோசனையின்படி நடப்பதாகப் பூட்டான் ஒப்புக்கொண்டது. 1910-இல் பிரிட்டிஷ் ஆட்சி புனாகாவில் வாங்கிய வாக்குறுதியின் தொடர்ச்சி அது. 2007-இல் அந்த வரி எடுக்கப்பட்டது. தேச நலன் சார்ந்த விஷயங்களில் இருவரும் நெருங்கி ஒத்துழைப்பது, ஒருவர் மண்ணை மற்றவருக்கு எதிராகப் பயன்படுத்த விடாமல் இருப்பது என்பதுதான் இப்போதைய ஷரத்து. கட்டளை அங்கே இல்லை. ஆனாலும் தொலைக்காட்சி விவாதங்களில் இன்றும் 1949-ஐத்தான் படிக்கிறார்கள்.

1958-இல் நேரு பாரோவுக்குப் போனபோது இந்தியாவிலிருந்து பூட்டானுக்குள் வண்டி போகும் சாலையே கிடையாது. நாதுலா கணவாய் ஏறி, திபெத்தின் சும்பி வழியாக, குதிரை முதுகில் பல நாள் பயணம். அங்கே மக்கள் முன் அவர் தந்த உறுதிமொழி, பூட்டான் சுதந்திர நாடாக, தனக்குப் பிடித்த வழியில் வாழ வேண்டும் என்பதுதான். 1971-இல் ஐ.நா.வில் பூட்டான் உறுப்பினராக இந்தியாவே துணை நின்றது. இந்த உறவின் நல்ல காலங்கள் எல்லாம் பெரிய நாடு தலையிடாமல் இருந்த காலங்கள்.

ஈரோடு, கரூர், தாம்பரம் வாசகர்கள்: விசா வேண்டுமா?

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை காட்டி அனுமதிச் சீட்டு பெற வேண்டும். 2022 முதல் இந்தியர்களும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் செலுத்துகிறார்கள். மற்றதைப் பயண முகவரிடம் கேளுங்கள்.

சென்னை வாசகர்: 2013 தேர்தலில் எரிவாயு மானியத்தை நிறுத்தி ஆட்சியை மாற்றினோமே, அது மிரட்டல் இல்லையா?

ஆட்சியை மாற்றியது என்று நிரூபிக்க முடியாது. தவறான செயல் என்று சொல்ல முடியும், சொல்கிறேன்.

அப்போதைய பூட்டான் பிரதமர் ஜிக்மே தின்லே 2012 ஜூனில் பிரேசிலின் ரியோவில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவைச் சந்தித்தார். டெல்லிக்கு அது பிடிக்கவில்லை. 2013 ஜூலை 13-இல் பூட்டானில் இறுதிச் சுற்று வாக்குப்பதிவு; முதல் சுற்றில் முதல் இரண்டு இடம் பெற்ற கட்சிகள் மட்டும் மோதும் சுற்று அது. அதற்கு இரண்டு வாரங்களுக்குள், ஜூலைத் தொடக்கத்தில், சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இந்தியா தந்த மானியம் நின்றது. திம்புவில் சிலிண்டர் விலை ஒரேயடியாக ஏறியது. முதல் சுற்றில் முன்னிலையில் இருந்த தின்லேயின் கட்சி, இறுதிச் சுற்றில் 47 இடங்களில் 15 மட்டுமே பெற்றது. தேர்தல் முடிந்ததும் மானியம் திரும்பி வந்தது.

சேலம் வாசகர் (இடைமறித்து): ஐயா, பழைய ஐந்தாண்டுத் திட்டம் ஜூன் 30-இல் முடிந்தது. மானியமும் அதோடு காலாவதியானது. சதி என்று சொல்வது அநியாயம்.

தம்பி, காலாவதித் தேதி டெல்லிக்கு முன்கூட்டியே தெரியாதா? ஒரு மாத நீட்டிப்புக்கு ஒரு கடிதம் போதும். வேண்டுமென்றே செய்தார்களா, அலட்சியத்தில் விட்டார்களா என்பது இரண்டாம் கேள்வி. அடுப்பு எரியாத வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சென்னை வாசகர்: ஆக மிரட்டல்தான் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

இல்லை. முதல் சுற்றில் வெளியேறிய கட்சிகளின் வாக்குகள் எதிரணிக்குப் போயின. ஐந்தாண்டு ஆட்சி மீது அதிருப்தியும் இருந்தது. ஒரு சிலிண்டரில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள்.

இதே விஷயத்தில் நீங்கள் இருவரும் அனுப்பிய மற்றக் கேள்விகளுக்கும் பதில் இதுதான். அடுத்ததற்குப் போகிறேன்.

நெய்வேலி வாசகர் (பொறியாளர்): நீர்மின் திட்டங்களில் லாபம் யாருக்கு?

நல்ல கேள்வி. 336 மெகாவாட் சூக்கா திட்டத்துக்கு இந்தியா தந்தது 60 விழுக்காடு மானியம், 40 விழுக்காடு கடன். 1980-களின் இறுதியில் மின்சாரம் வந்தது. பூட்டான் அரசின் வருமானமே மாறியது. பிறகு வந்த 720 மெகாவாட் மாங்தேச்சுவில் கணக்குத் தலைகீழ்: 30 மானியம், 70 கடன், வட்டி பத்து விழுக்காடு. 1,200 மெகாவாட் புனாட்சாங்சு-1, 2008-இல் தொடங்கியது; அணை கட்டும் இடத்தின் வலது கரை மலை 2013-இல் சரிந்தது. வேலை ஆண்டுக்கணக்கில் இழுக்க, மதிப்பீடு சுமார் 3,500 கோடியிலிருந்து 9,000 கோடியைத் தாண்டியது. கடனும் வட்டியும் பூட்டான் தலையில்.

இன்னொன்றும் உங்களுக்குப் புரியும். இவை பெரும்பாலும் ஆற்றின் ஓட்டத்தை நம்பியவை. கோடையிலும் மழைக்காலத்திலும் மின்சாரம் இந்தியாவுக்குப் போகிறது. குளிர்காலத்தில் ஆறு வற்றியதும் பூட்டான் இந்தியாவிடமிருந்து வாங்குகிறது. வாங்குபவரும் விற்பவரும் கடன் கொடுத்தவரும் ஒரே நாடு என்றால், விலை பேசும்போது சிறியவர் குரல் எவ்வளவு உயரும்? இந்தியா வட்டியைக் குறைக்க வேண்டும். இடத்தேர்வில் நேர்ந்த இழப்பில் பங்கும் ஏற்க வேண்டும்.

தஞ்சை வாசகர்: கொரோனா தடுப்பூசி கொடுத்தோமே, அதைச் சொல்லவில்லையே?

2021 ஜனவரியில் முதலில் கொடுத்தோம். உண்மை, பெருமைப்பட வேண்டியது. மார்ச் இறுதியில் தொடங்கி இரண்டே வாரங்களில் பூட்டானில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு முதல் தவணை போட்டுவிட்டார்கள். பிறகு இங்கே இரண்டாம் அலை, ஏற்றுமதி நின்றது. இரண்டாம் தவணைக்குப் பூட்டான் அமெரிக்காவிடமும் டென்மார்க்கிடமும் போக வேண்டியதாயிற்று. ஒரே கடையை நம்பியிருப்பதன் விலையை அவர்கள் அப்போது பார்த்தார்கள்.

விழுப்புரம், ஓசூர், நாகர்கோவில் வாசகர்கள்: சிக்கிமைப் போல இணைத்துவிட்டால் என்ன?

கூடாது. பூட்டான் ஐ.நா. உறுப்பு நாடு. இதே கேள்வி மூன்று ஊர்களிலிருந்து வருவதே திம்புவில் உள்ளவர்களைக் கவலைப்பட வைக்கும். இனி இதற்குப் பதில் எழுத மாட்டேன்.

மட்டக்களப்பு வாசகர்: நேப்பாள மொழி பேசிய மக்களைப் பூட்டான் வெளியேற்றியபோது இந்தியா என்ன செய்தது, அண்ணா?

1990-களில் லட்சம் பேர் வரை நேப்பாளத்தின் ஜாப்பா, மோரங் மாவட்ட முகாம்களில் அடைந்தார்கள். பூட்டானுக்கும் நேப்பாளத்துக்கும் பொது எல்லை கிடையாது. அவர்கள் கடந்து போனது இந்திய மண். அது பூட்டானும் நேப்பாளமும் பேசித் தீர்க்க வேண்டியது என்று டெல்லி ஒதுங்கிக்கொண்டது. நண்பனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காக ஒரு மக்கள் கூட்டத்தைக் கைவிட்டோம். இந்த நட்பின் ஆகப் பெரிய களங்கம் இதுதான்.

கோவை வாசகி: சீனாவோடு எல்லைப் பேச்சு நடத்துகிறார்களே, நன்றி கெட்டத்தனம் இல்லையா?

அம்மா, எல்லைப் பேச்சு 1984-இலிருந்து நடக்கிறது. வடக்கே ஜகர்லுங், பசம்லுங் பள்ளத்தாக்குகளை விட்டுத்தருகிறேன், மேற்கே டோக்லாம் பகுதியைக் கொடு என்று 1990-களிலேயே சீனா கேட்டது. பரப்பளவில் பூட்டானுக்கு லாபம். ஆனாலும் ஏற்கவில்லை, இந்தியாவின் பாதுகாப்பு அதில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். சீனாவோ பூட்டான் கோரும் இடங்களில் ஊர்களே கட்டிக்கொண்டிருக்கிறது. 2021-இல் மூன்று கட்டத் திட்டம் ஒன்றில் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. எல்லையை முடித்துக்கொள்வது பூட்டானின் உரிமை; 2007 ஒப்பந்தப்படியே உரிமை. டோக்லாமில் மட்டும் கைவைக்காமல் வடக்கு எல்லையை அவர்கள் தீர்த்துக்கொண்டால் டெல்லி முகம் சுளிக்கக் கூடாது. நாளை திம்புவில் சீனத் தூதரகம் திறந்தாலும் அதற்காக எரிவாயுவில் கைவைக்கக் கூடாது. அசாமின் கோக்ராஜாரையும் பூட்டானின் கெலெபுவையும் இணைக்கும் ரயில் பாதையை 2025-இல் அறிவித்தபடி சொன்ன காலத்தில் முடித்துக் கொடுப்பதுதான் இந்தியா இப்போது செய்ய வேண்டிய வேலை.