கொடை லைவில் குடம் கேட்கவில்லையா?

நாகர்கோவிலைச் சுற்றிக் கல்யாணம், கோயில் கொடை (எங்கள் பக்கத்து ஊர்க்கோயில் விழா), ஆலயத் திருவிழா என்று லைவ் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். வீடியோவும் ஒலியும் கற்க ஆசைப்படுகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தக்கலை: கேமராவுக்கு 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த மாடல் வாங்கலாம் அண்ணா?

தம்பி, காசை அப்படியே வை. கையில் இருக்கிற போனே இப்போதைக்குப் போதும். ஒரு நல்ல ஹெட்போன், ஒரு காலர் மைக், ஆடாத ஸ்டாண்டு, இவ்வளவுதான் முதல் செலவு. கம்ப்யூட்டரில் லைவ் ஓட்டும் சாஃப்ட்வேரான ஓபிஎஸ் இலவசம். அதை வைத்து நாலைந்து விசேஷம் ஓட்டிப் பார்த்தபிறகு, உனக்கு என்ன கேமரா தேவை என்று உனக்கே தெரியும். அன்றைக்கு ஒன்றை மட்டும் கவனி: எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தில் பேட்டரிக் குறி, ஃபோகஸ் கட்டம் எதுவும் இல்லாமல் சுத்தமாக வர வேண்டும். சில கேமராக்களில் அது வராது, வாங்கியபிறகு தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

சுசீந்திரம் பக்கம்: அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டை லைவ் போட்டோம். மைக் செட்டுக்காரரின் மிக்சரிலிருந்தே வயர் எடுத்தும் சத்தம் கரகரத்தது. ஏன்?

மிக்சரிலிருந்து வருவது லைன் சிக்னல். போனின் மைக் ஓட்டையோ அதைவிடப் பல மடங்கு சின்ன சிக்னலுக்காகச் செய்தது. வாய்க்காலுக்குள் ஆற்றைத் திருப்பியது மாதிரி ஆகிவிடும். அலையின் உச்சி வெட்டுப்பட்டால் பின்னால் எந்த சாஃப்ட்வேராலும் முழுதாக மீட்க முடியாது. ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) வாங்கி அதன் லைன் இன்புட்டில் கொடுங்கள். தொடக்கத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். பாட்டு சூடு பிடிக்கும்போது மைக் செட்டுக்காரர் கட்டாயம் கூட்டுவார், அதற்கு இடம் வேண்டும். முடிந்தால் ஸ்பீக்கருக்குப் போகும் மெயினில் எடுக்காமல், அளவைத் தனியாக வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்ஸ் அவுட் கேளுங்கள். சாயங்காலமே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் தருவார். பாட்டு தொடங்கியபிறகு போய்க் கேட்டால் திட்டு விழும்.

அப்புறம் இன்னொன்று. மிக்சரில் வருவது மைக் வைத்த ஒலி மட்டுமே. என் முதல் கொடை லைவில் பாட்டுக்காரரின் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. இருபது நிமிடத்தில் சவுதியிலிருந்து மாமா கூப்பிட்டார்: "எடே, பாட்டு கேக்கு. குடம் எங்கடே?" குடம், அதாவது வில்லுப்பாட்டில் தாளத்துக்கு அடிக்கும் பானை, மைதானத்துக்கே கேட்கும் என்பதால் அதற்கு மைக்கே வைக்கவில்லை. வில்லில் கட்டிய மணிகளும் அப்படித்தான் காணாமல் போயிருந்தன. நான் ஹெட்போன் மாட்டியிருந்தும், குடம் நேரடியாகவே காதில் விழுந்ததால் ஏமாந்துவிட்டேன். இப்போது குடத்துக்கும் வில்லுக்கும் நடுவில் ஒரு கண்டென்சர் மைக் வைத்து, தனிச் சேனலில் கலக்கிறேன்.

இன்னும் முடியவில்லை. மிக்சர் ஒலி உடனே வந்துவிடும், கேப்சர் கார்டு (கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவி) வழியாக வரும் படம் கொஞ்சம் பிந்தும். வில்லை அடிக்கும் வீசுகோல் அதில் படுவதற்கு முன்பே மணி கேட்கும்! கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்து பாருங்கள். எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு ஒலியை ஓபிஎஸ்ஸில் தாமதப்படுத்துங்கள். என் சாமான்களுக்கு அது 120 மில்லிசெகண்டு, உங்களுடையது வேறாக இருக்கும்.

ஆரல்வாய்மொழி: வெளியில் பேசி எடுத்தால் காற்று இரைச்சல்தான் பதிவாகிறது.

காற்று அப்படி அடிப்பதால்தானே அங்கே காற்றாலையே நட்டிருக்கிறார்கள்! ஆனி, ஆடியில் ஸ்பாஞ்சு உறை சும்மா பேருக்குத்தான். பூனைக்குட்டி மாதிரி ரோமம் வைத்த உறை போடுங்கள். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், உடம்பே மறைப்பாகும். அடி ஒலியை வெட்டும் லோ கட்டை 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

குளச்சல்: திருவிழா இரவில் லைவ் சுற்றிக்கொண்டே நிற்கிறது. காலையில் ஸ்பீடு நன்றாகத்தானே இருந்தது?

காலையில் அந்த டவர் உங்களுக்கு மட்டும். இரவில் ஊரே வீடியோ அனுப்புகிறது. பக்கத்தில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் கேட்டு லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை போகும். அளக்க வேண்டியது அப்லோடு வேகம், அதில் பாதிக்கு மேல் நம்பாதீர்கள். 720பி, 3,000 கேபிபிஎஸ், கீஃபிரேம் (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 செகண்டு, ஒலி 128 கேபிபிஎஸ் போதும். கூடவே லேப்டாப்பிலும் ரெக்கார்டு ஓடட்டும். இதே அளவில் மூன்று மணி நேரத்துக்கு நாலு ஜிபிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும்.

மார்த்தாண்டம்: யூடியூப்பில் போனிலிருந்து லைவ் போட முடியவில்லை.

போனுக்கு 50 சந்தாதாரர்கள் வேண்டும். கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் வழியாகப் போட அது தேவையில்லை. ஆனால் முதல்முறை லைவை இயக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், தாலி கட்டுகிற அன்றைக்குப் போய் அழுத்தாதீர்கள்.

இரணியல்: மண்டப விளக்குகள் படத்தில் துடிக்கின்றன.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை ஒரு செகண்டில் 50இல் ஒரு பங்காக வையுங்கள். மலிவான சீரியல் லைட் அப்படியும் துடிக்கும், அதைப் படத்துக்குள் கொண்டுவராமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

குழித்துறை: பிளஸ் டூ முடித்துவிட்டேன். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன் படிப்பு) சேரலாமா அண்ணா?

சேரலாம், தங்கச்சி. அதுவரை ஒரு வேலை தருகிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போ. பேச்சே இல்லாமல் மூன்று நிமிடம் எடு: மேலே தொட்டியில் ஓடும் தண்ணீர், கீழே பறளியாறு. இரண்டு தண்ணீரும் ஒன்றுபோலக் கேட்டால் மைக்கைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறாய், மறுபடி எடு. கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, காலையிலேயே போ. பத்து மணிக்கு மேல் சுற்றுலா வண்டி ஹாரன்தான் பதிவாகும்.