இந்தியாவில் தயாராகும் ஹைப்ரிட் காரின் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும்? நம்பி வாங்கலாமா?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் இந்த ஹைப்ரிட் காரை நம்பி வாங்கலாம். "அஞ்சே வருஷம், அப்புறம் கார் விலைக்குப் பேட்டரி செலவு" என்று உங்களை யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். என்னையும் பயமுறுத்தினார்கள்.

என் ஹைப்ரிட் காருக்கு வாரண்டி முடிந்த பிறகு, நல்ல கோடையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கொண்டுபோன ஒர்க்‌ஷாப்பில் எதையும் கழற்றிப் பார்க்காமலே, "பேட்டரி போச்சு, முழுசா மாத்தணும். இங்க அசெம்பிள் பண்றது இவ்வளவுதான் வரும்" என்றார்கள். நான் விடவில்லை. இந்த பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. அந்தத் துவாரம் பின் சீட்டை ஒட்டி இருக்கிறது. அதைத் திறக்கச் சொன்னேன். ஃபில்டரில் கம்பளி போலத் தூசி! சுத்தம் செய்ததும் விளக்கு அணைந்தது. இன்றும் அதே பேட்டரிதான்.

இதில் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. கார் என் பெயரில், தவணை கட்டியது நான், கேள்வி கேட்டதும் நான். பதில் மட்டும் துணைக்கு வந்த தம்பிக்கு. அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது. பெண்கள் கார் வாங்குவதில்லையா என்ன?

கம்பெனிக்காகப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். எல்லா பேட்டரியும் தேயும், வெயில் அதை விரைவாக்கும். ஆனால் ஹைப்ரிடில் பேட்டரியை முழுக்க நிரப்பவோ அடியோடு வற்றவோ கம்ப்யூட்டர் விடாது, நடு அளவிலேயே வைத்திருக்கும். அதனால்தான் மெதுவாகத் தேய்கிறது. டொயோட்டா இங்கே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறது.

உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்காகத் தயங்கவே வேண்டாம். பெங்களூரு பக்கம் பிடதியில் 2013லேயே டொயோட்டாவின் கேம்ரி ஹைப்ரிட் கார் அசெம்பிள் ஆனது. அவர்களின் ஹைரைடர் காரும் அங்கேதான் தயாராகிறது. குஜராத் ஹன்சல்பூரில் சுசுகி, தோஷிபா, டென்சோ கூட்டு ஆலையில் 2025 ஆகஸ்டிலிருந்து ஹைப்ரிட் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் பாகமான எலெக்ட்ரோடே இங்கு செய்யப்படுகிறது. வெறும் அசெம்பிளி என்ற பேச்சு பழசாகிவிட்டது.

இன்னொன்று. கார் ஒருநாள் உயிரே இல்லாமல் நின்றால் உடனே பெரிய பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது, முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். எந்தக் காரிலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் அது.