மார்மன் மிஷனரியாக வெளிநாடு போகிறவர்கள் தினமும் என்ன செய்வார்கள்? வீடு வீடாகக் கதவு தட்டுவது மட்டும்தானா?

உங்கள் சித்தி மகன் அடுத்த மாதம் பிலிப்பைன்ஸ் போகிறான், அங்கே அவன் நாள் முழுக்க என்ன செய்வான் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் 2016ல் கோயம்புத்தூரில் இருந்து போய், அதே நாட்டில் செபு தீவில் இரண்டு வருடம் இருந்தவன். அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

மார்மன் என்று எல்லோரும் சொல்லும் எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. ஆண்களுக்கு ஊழியக் காலம் 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். 2012ல் வயது வரம்பைக் குறைத்த பிறகு பையன்கள் 18 வயதிலேயே போகிறார்கள். எந்த நாடு வேண்டும் என்று நாம் கேட்க முடியாது. விண்ணப்பம் போட்டால், போக வேண்டிய இடத்தைத் தலைமையகம் சொல்லும். சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் இருந்து வருகிறவர்கள் மாதாமாதம் ஒரே மாதிரித் தொகை கட்டுவார்கள். நம்மைப் போன்ற நாட்டுப் பிள்ளைகள் முடிந்ததைக் கொடுத்தால் போதும், மீதியைப் பொது நிதி ஏற்கும். என் அப்பா லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் மாதம் தவறாமல் கட்டினார்.

சட்டையில் குத்திக்கொள்ளும் கறுப்புப் பெயர்ப்பட்டையில் நம் சொந்தப் பெயர் இருக்காது. 'எல்டர்' என்று போட்டு அதன் பின்னால் குடும்பப் பெயர் வரும். நம் ஊரில் ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது அப்பாவின் பெயர். எனவே இரண்டு வருடமும் ஊர் முழுக்க என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அந்தப் பெயருக்கு ஒரு கெட்ட பேச்சு வந்துவிடக் கூடாது என்பது எப்போதும் மனதில் இருந்தது.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. எட்டு மணிக்குத் தனியாக வேத வாசிப்பு, அப்புறம் நமக்கு ஜோடியாகப் போடப்பட்ட இன்னொரு மிஷனரியுடன் சேர்ந்து படிப்பு, அதன் பிறகு மொழிப் படிப்பு. பத்து, பதினோரு மணிக்குத் தெருவுக்கு வந்தால் இரவு ஒன்பது ஒன்பதரைக்குத்தான் வீடு. பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். 2017ல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள், ஆனாலும் அடிப்படை இதுதான்.

செபுவில் கதவு தட்டுவது என்பதே கிடையாது. வேலிப் படலுக்கு வெளியே நின்று "ஆயோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே போ என்று சொல்கிறவர்கள் அங்கே குறைவு. "இன்னொரு நாள் வாங்க எல்டர்" என்பார்கள். அது நிஜமான அழைப்பா, மரியாதைக்குச் சொன்னதா என்று புரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதம் ஆனது.

இந்தியப் பையனுக்கு அங்கே இன்னொரு சிக்கல் உண்டு, உங்கள் தம்பிக்கும் வரும். அந்த நாட்டில் இந்தியர் என்றாலே 'பும்பாய்' என்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குப் பணம் கொடுத்து வசூல் செய்யும் வட இந்தியர்கள் பல காலமாக அங்கே இருக்கிறார்கள். ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும் என்பதால் அந்தக் கடனுக்குப் பெயரே ஃபைவ்-சிக்ஸ். நான் ஒரு சந்துக்குள் நுழைந்தால் சில வீடுகளில் அம்மா இல்லை என்று குழந்தையை வெளியே அனுப்புவார்கள். அழும் பிள்ளைகளிடம் "பும்பாய் பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று பயம் காட்டுவதும் உண்டு. என்னோடு இருந்த அமெரிக்கப் பையனைப் பார்த்து "ஹே ஜோ!" என்று சிரித்த அதே ஆட்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கியது முதலில் வலித்தது. கடன் பயம் ஒரு வீட்டை எப்படி வைத்திருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். அதனால் போன இடத்தில் எல்லாம் முதல் வேலையாக அந்த ஊர் மொழியான செபுவானோவில் நான் யார், அப்பா என்ன வேலை செய்கிறார், எங்கள் ஊரிலும் கருவாடு உண்டு என்று பேச ஆரம்பித்தேன். கருவாடு என்றதும் பேச்சு தொடரும். அவர்கள் புலாட் என்பார்கள், மணம் அப்படியே நம்ம ஊர்தான்.

சரி, தெருவில் ஆள் பிடிப்பதுதான் வேலையா? இல்லை. பெரும்பாலான நேரம் ஏற்கெனவே தெரிந்த பத்துப் பதினைந்து வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போவதில் கழியும். அதிலும் நான் எதிர்பார்க்காத ஒரு வேலை வந்து சேர்ந்தது: கல்யாணப் பத்திரம்.

ஒன்றாக வாழும் ஆணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்திருந்தால்தான் எங்கள் சபையில் ஞானஸ்நானம். செபுவின் ஏழைக் குடியிருப்புகளில் நான்கு பிள்ளை பெற்று, பதினைந்து வருடம் ஒழுக்கமாகக் குடும்பம் நடத்தி, பதிவு மட்டும் செய்யாத ஜோடிகள் நிறைய. காரணம் பணம்தான். கல்யாணம் என்றால் ஊருக்குப் பன்றி வறுத்துப் போட வேண்டும் என்ற நினைப்பு, கூடவே பிறப்புச் சான்றிதழ் இல்லாத சிக்கல். ஐந்து வருடத்துக்கு மேல் கணவன் மனைவியாக வாழ்ந்த, வேறு தடை எதுவும் இல்லாத ஜோடிக்குத் திருமண உரிமம் தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று அந்த நாட்டுக் குடும்பச் சட்டத்தின் 34வது பிரிவு சொல்கிறது. பலருக்கு இது தெரியாது. நாங்கள் அவர்களோடு நகராட்சி அலுவலக வரிசையில் நிற்போம். ஜீப்னி என்ற அந்த ஊர் ஷேர் வண்டிக் கட்டணத்துக்குக் காசு இல்லையென்றால் சேர்ந்து நடப்போம். ஒரு பாட்டி வயதுப் பெண், மேயர் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேரப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்தேன். நான் செய்த ஊழியத்தில் எனக்கு மிகப் பெரியது அதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முஸ்லிம்களுக்கான தனிச் சட்டம் தவிர, அந்த நாட்டில் விவாகரத்து இல்லை. திருமணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்க லட்சக்கணக்கான பெசோ ஆகும். பத்து வருடத்துக்கு முன்னால் ஓடிப்போன கணவன் காகிதத்தில் இன்னும் கணவனாகவே இருப்பான், அதனால் இப்போது கூட வாழ்கிறவரைச் சட்டப்படி மணக்க வழியில்லை. அப்படிப்பட்ட ஒரு பெண் வாரம் தவறாமல் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார், ஞானஸ்நானம் மட்டும் எடுக்க முடியவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

இனி, எது கஷ்டம் என்பதற்கு வருகிறேன். வெயிலும் டையும் பழகிவிடும். காபி குடிக்கக் கூடாது என்பதும் சபையில் வளர்ந்தவனுக்குப் புதிதல்ல, அங்கே மைலோ கலந்து கொடுப்பார்கள். கடலுக்கு நடுவில் இருந்தும் நீந்தக் கூடாது, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான கஷ்டம் ஜோடி. நாம் தேர்ந்தெடுக்காத ஒருவனோடு இருபத்து நான்கு மணி நேரமும் இருக்க வேண்டும். குளியலறை தவிரத் தனிமை கிடையாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும், சிலசமயம் ஜோடி மாறும், சிலசமயம் அதே ஆள் இன்னும் ஆறு வாரம். பாத்திரம் கழுவுவதில் தொடங்கும் மனக்கசப்பு பிரசங்கம் வரை வரும், எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பம் அதை உடனே கண்டுபிடித்துவிடும். வாரம் ஒருமுறை இருவரும் உட்கார்ந்து மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நடைமுறை உண்டு. ஆரம்பத்தில் சம்பிரதாயமாகத் தோன்றியது. பின்னாளில் அது இல்லாமல் நான் தாக்குப் பிடித்திருக்க மாட்டேன். என் கல்யாண வாழ்க்கையிலும் அதை விடவில்லை.

திங்கட்கிழமை பி-டே, அதாவது சொந்த வேலைக்கான நாள். துணியைக் கையால் துவைத்து, மளிகை வாங்கி, பீசோநெட் கடைக்குப் போவோம். ஒரு பெசோ நாணயம் போட்டால் சில நிமிடம் கம்ப்யூட்டர் ஓடும். வீட்டுக்கு மெயில் அங்கிருந்துதான். என் காலத்தில் வீட்டோடு பேசுவது வருடத்தில் இரண்டே நாள், கிறிஸ்துமஸும் அன்னையர் தினமும். 2019 பிப்ரவரியில் வாராவாரம் பேசலாம் என்று மாற்றினார்கள். அந்தச் செய்தியை நான் ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டேன். அம்மாவை நினைத்துச் சந்தோஷப்பட்டேன், அடுத்து போகிற பிள்ளைகளின் அம்மாக்களுக்காக.

எல்லோரும் முழுக் காலத்தையும் முடிப்பதில்லை. என்னோடு இருந்த ஒருவன் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பாதியில் ஊர் திரும்பினான். ஊரில் சிலர் அவனைத் தோற்றவன் போலப் பார்த்தார்கள் என்று பிறகு எழுதினான். அது பெரிய அநியாயம். அவன் இருந்த மாதங்களில் அந்தக் குடியிருப்பில் அவனைப் போல யாரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. உங்கள் தம்பி எப்போது திரும்பினாலும் வாசலில் நின்று கூட்டிப் போங்கள்.

அதுவரை வாராவாரம் பேசும்போது வீட்டுக் கதைகளைச் சொல்லுங்கள். யார் வீட்டில் என்ன சமையல், எந்தத் தெருவில் குழி தோண்டியிருக்கிறார்கள், யாருக்குக் கல்யாணம், எல்லாம். இங்கே எல்லோரும் உன்னை நினைத்து அழுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், முதல் மூன்று மாதம் அது தாங்காது. சூட்கேஸில் ஒரு நல்ல குடை, இரண்டு ஜோடி உறுதியான கறுப்பு ஷூ, ஊறுகாய் வையுங்கள். குடையை அங்கேயும் வாங்கலாம், நம்ம ஊர் மாவடு கிடைக்காது.