‘உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்’ என்று பிறர் சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?

யார் சொல்கிறார்கள், சொல்லிவிட்டு என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்ட காலத்தில் இதைக் கேட்காத நாளே எனக்கு இல்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்பாவின் வளர்ப்பு அப்படி. சொன்னவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தும் சொன்னார்கள். அதற்கு முகம் சுளிக்கும் ஆள் நான் இல்லை.

எரிச்சல் வந்தது வேறு ஒரு வகையினரிடம். போனில் “எப்படி இருக்கிறாய்?” என்பார்கள். “வாய் முழுக்கப் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, பயமாக இருக்கிறது” என்று நான் ஆரம்பித்ததும், “ஒன்றும் ஆகாது, உனக்காக வேண்டிக்கொள்கிறேன், சரி, வைக்கட்டுமா?” என்பார்கள். அதற்குமேல் என்ன பேச முடியும்? இன்னும் சிலர் வாட்ஸப் குழுக்களில் என் பெயர், வயது, நோய், எந்தப் பக்கத்து மார்பு என்பது வரை எழுதி ஜெபக் குறிப்பாக அனுப்பியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நல்ல மனசுதான். ஆனால் என் உடம்பைப் பற்றிய செய்தி ஊர் சுற்ற நான் சம்மதிக்கவில்லையே.

பக்கத்து வீட்டு அக்கா வேறு மாதிரி. பெந்தெகொஸ்தே சபைக்காரர். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை வந்தவர், தலையில் கை வைத்து ஜெபிக்கலாமா என்று கேட்டார். கேட்டதே எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் யாரும் நோயின் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘கட்டி’, ‘உடம்பு சரியில்லை’, அவ்வளவுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு உரத்த குரலில் ஆரம்பித்தார். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் புற்றுநோய் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு மார்பை எடுக்கப் போகிறார்கள். அவளுக்குப் பயமாக இருக்கிறது. அவள் அம்மாவுக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது.” சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ஆண்டவருக்குக் கேட்டதோ இல்லையோ, அம்மாவுக்குக் கேட்டது. அன்றிரவுதான் நானும் அம்மாவும் முதன்முதலாக அதைப் பற்றிப் பேசினோம்.

வேண்டுதலால் நோய் குணமாகுமா என்பதை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹார்வர்டைச் சேர்ந்த ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் 6 மருத்துவமனைகளில் 1,802 பைபாஸ் நோயாளிகள். முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. வேண்டியவர்களிடம் நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே கொடுக்கப்பட்டன. தமக்காக வேண்டுகிறார்களா இல்லையா என்று தெரியாமலே இருந்த இரு பிரிவுகளில், வேண்டப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் வேண்டப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தன. ‘உங்களுக்காக நிச்சயம் வேண்டுவார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் அது 59 சதவீதம்! தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனாலும் எனக்கு அதைப் படித்தபோது ஆச்சரியம் வரவில்லை. இத்தனை பேர் வேண்டியும் தேறாமல் போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற நெருக்கடி எனக்கும் இருந்தது. வெள்ளையணுக்கள் குறைந்து கீமோ தள்ளிப்போனபோது, இதைப் பெரியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன்.

லால்குடிப் பெரியம்மாவின் வேண்டுதல் வாய்ப்பேச்சோடு நிற்கும் ரகம் இல்லை. முதலில் அர்ச்சனைக்கு என் நட்சத்திரம் கேட்டார். அப்பா எனக்கு ஜாதகமே எழுதவில்லை என்றதும், “பரவாயில்லை, சாமி பேருக்கே செய்துவிடுகிறேன்” என்றார். அப்புறம் சமயபுரம். அங்கே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி கிடக்கிறாள். துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான் படையல். பக்தருக்காகச் சாமி விரதம் இருக்கும் அந்த ஏற்பாடு எனக்கே பிடிக்கும். ஆனால் அம்மனுக்குத் துணையாகப் பெரியம்மாவும் விரதம் இருக்கிறார் என்று தெரிந்ததும் சத்தம் போட்டேன். அவருக்குச் சர்க்கரை. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? “அவள் பார்த்துக்கொள்வாள்” என்றார், ‘அவள்’ யார் என்று சொல்லாமலே.

அதோடு, என் முடியையும் நேர்ந்துகொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேர்த்திக்கடனில் கடன் வாங்குவது ஒருவர், கட்டுவது இன்னொருவர்! நான் குணமானதும் மொட்டை போட வேண்டுமாம். அதற்குள் கீமோவில் முடி மொத்தமும் கொட்டிப்போனது. சரி, கடன் தீர்ந்தது என்று சிரித்தேன். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துக்குக் கொட்டியது கணக்கில் சேராதாம்; வளர்ந்த பிறகு அம்மனுக்கென்று தனியாகக் கொடுக்க வேண்டுமாம்.

இப்போது முடி தோளைத் தொடுகிறது. மொட்டை முடியாது, வேண்டுமானால் மூன்று கத்தரிப்பில் பூமுடி கொடுக்கிறேன் என்று நான் இறங்கி வந்திருக்கிறேன். பெரியம்மா இன்னும் இறங்கவில்லை. கோயில் வாசலை மிதிக்காத அப்பா வேறு, “போய் எடுத்துவிட்டுத்தான் வந்துவிடேன், திரும்ப வளரத்தானே போகிறது” என்கிறார்.