காலநிலை மாதிரியைத் தொட்டதே இல்லை. கவிழ்புள்ளி ஆய்வில் எனக்கு இடம் உண்டா?

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். ஆறு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடுவேன். இரைச்சல் (தற்செயலான சிறு ஆட்டங்கள்) கலந்த நேரியலற்ற அமைப்புகள்தான் என் களம். அடுத்து, காலநிலையின் டிப்பிங் பாயின்ட் பற்றி, அதாவது மெதுவாக மாறிவரும் ஓர் அமைப்பு சட்டென வேறு நிலைக்குப் புரண்டுவிடும் கவிழ்புள்ளி பற்றி, போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்ய ஆசை. ஆனால் காலநிலையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் காலநிலை மாதிரி எதையும் ஓட்டிய அனுபவம் இல்லை. இரண்டு ஆய்வுக் குழுத் தலைவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஓராண்டு மாதிரிகளைக் கற்றுக்கொண்டு அப்புறம் முயல்வதா?

பதில்: ஓராண்டு காத்திருக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு மின்னஞ்சல்களையும் படித்தேன். மாதிரி தெரியாதது உங்களுக்குத் தடையாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. "காலநிலைக் கவிழ்புள்ளிகளில் ஆர்வம் உள்ளவன்" என்று தொடங்கியிருக்கிறீர்கள். இந்தத் துறைக்கு எழுதுகிற எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரைச்சலால் ஓர் அமைப்பு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவ ஆகும் நேரத்தைக் கணக்கிடும் முறை ஒன்றை நீங்கள் உருவாக்கியிருப்பது மூன்றாம் பத்தியின் கடைசி வரியில் கிடக்கிறது. அதுவரை யார் படிப்பார்கள்? அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும்.

உங்கள் களம் இந்தத் துறைக்கு அந்நியமும் இல்லை. வெதுவெதுப்பான நீரை மேற்பரப்பில் வடக்கே கொண்டுபோய், குளிர்ந்த நீரை ஆழத்தில் தெற்கே திருப்பும் அட்லாண்டிக் பெருஞ்சுழற்சிக்கு (சுருக்கமாக அமாக்) இரண்டு நிலைகள் இருக்க முடியும் என்று 1961இல் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் காட்டியது வெறும் இரண்டு பெட்டிகளை வைத்து. ஒன்றில் வெதுவெதுப்பான உப்புநீர், மற்றதில் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர். வானிலையின் ஆட்டத்தை இரைச்சலாக எடுத்துக்கொண்டு, மெதுவாக மாறும் காலநிலையை காலநிலை அறிவியலாளர் கிளாவுஸ் ஹாசல்மான் எழுதிக் காட்டியது 1976இல். 2021ஆம் ஆண்டு இயற்பியல் நோபலில் அவருக்குக் கிடைத்த பங்கில் அந்த வேலைக்கும் இடமுண்டு. பெருங்கணினியில் ஓடும் மாதிரிகள் வேறு வகை உழைப்பு. 2024இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் குழு, ஒரு முழு அளவு காலநிலை மாதிரியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நன்னீரை மிக மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், அமாக் கவிழ்வதைப் பார்த்தது. அதைச் செய்யப் பழகியவர்கள் அந்தக் குழுக்களில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பற்றாக்குறை உங்களைப் போன்றவர்கள்தான்.

சரி, எதைப் பற்றி எழுதுவது? 2022இல் சயன்ஸ் இதழில் வந்த மதிப்பீடு, இப்படிக் கவிழக்கூடிய 16 பூமிக் கூறுகளைப் பட்டியலிட்டது. பதினாறையும் முன்மொழிவில் கொட்டாதீர்கள். ஒன்றை எடுங்கள், அதிலும் சண்டை நடக்கிற இடத்தை எடுங்கள். அமாக் விஷயத்தில் அந்தச் சண்டை வெளிப்படையாகவே நடக்கிறது. 2100க்கு முன் அது திடீரென நின்றுபோகாது என்பதில் நடுத்தர அளவு நம்பிக்கை இருப்பதாக காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை 2021இல் சொன்னது. 2023இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு கட்டுரை, இந்த நூற்றாண்டின் நடுவில், 2025க்கும் 2095க்கும் இடையே கவிழலாம் என்று கணித்தது. மறு ஆண்டே இன்னொரு குழு, பழைய தரவை வைத்து இப்படி ஆண்டு குறிக்க முடியாது, நிச்சயமின்மை அவ்வளவு பெரிது என்று எழுதியது. உங்கள் கேள்வி இந்த மூன்றுக்கும் நடுவில் எங்காவது இருக்கட்டும்.

அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நேர்முகத்தில் உங்களைக் குடையப் போவதும் இங்கேதான். ஸ்பிரிங் தளர்ந்துகொண்டே வரும் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளிவிட்டால் மூடிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு மாதமும் இன்னும் மெதுவாக. கவிழ்புள்ளியை நெருங்கும் அமைப்பும் அப்படித்தான், சிறு தள்ளலிலிருந்து மீள நேரம் கூடிக்கொண்டே போகும். எளிய மாதிரியில், ஆண்டுக்கு 1 என்ற வேகத்தில் மீளும் அமைப்பின் ஆண்டுத் தரவை எடுத்தால், இந்த ஆண்டு மதிப்புக்கும் போன ஆண்டு மதிப்புக்கும் உள்ள ஒட்டுறவு 0.37. மீளும் வேகம் 0.5 ஆகக் குறைந்தால் அது 0.61. 0.1 ஆனால் 0.90. கூடவே வேரியன்ஸும் (மதிப்புகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) இரண்டு மடங்கு, பத்து மடங்கு என்று ஏறும். இவ்வளவும் உங்களுக்கு மனப்பாடம். காலநிலைக்காரர்களுக்கும்தான்.

தரவு எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியுமா என்றுதான் அவர்கள் பார்ப்பார்கள். அமாக்கை நேரடியாகத் தொடர்ந்து அளப்பது 26.5 பாகை வடக்கில் 2004இலிருந்துதான். அதற்கு முந்தைய காலத்துக்கு வட அட்லாண்டிக்கின் துணைத்துருவப் பகுதியில் கடல் மேற்பரப்பு வெப்பநிலையை எடுத்து, உலகச் சராசரியைக் கழித்து, அதையே அமாக்கின் நிழலாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவு 1870 வரை போகிறது. ஆனால் 1870இல் அளந்தது யார்? வாளியில் நீர் மொண்டு வெப்பமானியை நனைத்த சில கப்பல்கள். பின்னாளில் இயந்திரக் குளிர்நீர்க் குழாய், மிதவை, செயற்கைக்கோள் என்று அளவுகள் பெருகின. அளவுகள் பெருகப் பெருக அளவீட்டு இரைச்சல் குறையும். அளவீட்டு இரைச்சல் ஆண்டுக்கு ஆண்டு தொடர்பில்லாதது, அது குறையும்போது ஒட்டுறவு தானாகவே ஏறும். கடலில் எதுவுமே மாறாமல் "எச்சரிக்கை மணி" அடிக்கும்!

கண்டுபிடிக்க ஒரு வழி: ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்தால் ஒட்டுறவும் வேரியன்ஸும் சேர்ந்து ஏறும். ஒட்டுறவு ஏறி வேரியன்ஸ் இறங்கினால் அளவுகோல்தான் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். இரண்டும் ஏறினாலும் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம், வெளியிலிருந்து வரும் தள்ளலே இன்னும் நீடித்ததாக மாறியிருக்கலாம். இன்னொன்று, 150 ஆண்டுத் தரவில் 50 ஆண்டுச் சாளரத்தை (ஒரு நேரத்தில் 50 ஆண்டை மட்டும் பார்க்கும் துண்டை) நகர்த்தி நூறு புள்ளிகள் கொண்ட வளைகோடு வரைகிறோமே, அதில் ஒன்றை ஒன்று தொடாத சாளரங்கள் மூன்றே மூன்று. அந்த நூறு புள்ளிகளையும் தனித்தனி ஆதாரம்போல எண்ணி முக்கியத்துவச் சோதனை (ஏற்றம் தற்செயலானதா என்று பார்ப்பது) செய்த கட்டுரைகளை மதிப்பாய்வில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் பழைய கட்டுரை ஒன்றும் அந்தப் பட்டியலில் சேரும்.

ஆகவே ஆறு வாரம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள். ஸ்டோமெல் மாதிரியை இரைச்சலோடு ஓட்டுங்கள், கவிழ்புள்ளியிலிருந்து எட்டவே நிற்கட்டும். அதன் வெளியீட்டில் காலப்போக்கில் குறையும் அளவீட்டு இரைச்சலைச் சேருங்கள். எத்தனை முறை பொய் எச்சரிக்கை வருகிறது என்று எண்ணுங்கள். அப்புறம் அதே நிரலில் உண்மையான கடல் வெப்பநிலைத் தரவைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் நிரல்மொழியும், தரவைக் கையாளும் அதன் எக்ஸ்அரே நிரல் தொகுப்பும் போதும், தரவு இலவசம். நிரலை எல்லோரும் பார்க்கும்படி கிட்ஹப் தளத்தில் போடுங்கள். காலநிலைத் தரவுக் கோப்புகளோடு மல்லுக்கட்டப் பழகுவது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

இப்போது மின்னஞ்சல் தானாக எழுதிக்கொள்ளும்: "இரைச்சலால் நிகழும் தாவலின் நேரத்தைக் கணக்கிடும் முறை என் ஆய்வேட்டில் உள்ளது. குறைந்துகொண்டே வரும் அளவீட்டு இரைச்சல் அமாக் எச்சரிக்கைக் குறிகளை எவ்வளவு பொய்யாக்கும் என்று ஒரு சிறு சோதனை செய்தேன், படம் இணைப்பில். இதை உங்கள் குழுவின் மாதிரி வெளியீடுகளில் சோதிக்க விரும்புகிறேன்." அதோடு அவர்களுடைய ஒரு கட்டுரையில் உங்கள் சோதனை எந்தப் படத்தைத் தொடுகிறது என்று ஒரு வரி. போதும். அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இயந்திரக் கற்றலால் கவிழ்புள்ளிகளைக் கணிக்கப் போவதாக உங்கள் பழைய கடிதத்தில் இருந்த பத்தியை எடுத்துவிடுங்கள். எதை, எந்தத் தரவில் என்று அதில் இல்லை.

நிதி பற்றிச் சுருக்கமாக. விளம்பரம் வரும் இடங்களுக்கு மட்டும் காத்திருக்காமல் உங்கள் பெயரிலேயே உதவித்தொகை கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி உதவித்தொகைக்கு, முனைவர் பட்டம் பெற்று 8 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. இந்த இரண்டாவது விதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஆறு மாதம், ஆறு மாதம் என்று ஒரே குழுவுக்குப் போய்வந்தவர்கள் நாள்களைக் கூட்டிப் பார்க்கட்டும். ஜெர்மனி என்றால் ஹும்போல்ட் அறக்கட்டளை. பட்டம் பெற்று 4 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு போஸ்ட்டாக் பிரிவு உண்டு, ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். இரண்டுக்குமே உங்களை ஏற்கும் குழு முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், அதனால் மேலே சொன்ன மின்னஞ்சல்தான் முதல் படி. விதிகள் அவ்வப்போது மாறுபவை, அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவிடாமல் படியுங்கள்.

பதில் வந்து பேச அழைத்தால் நீங்களும் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை மாதம், பெருங்கணினி நேரம் யார் கையில், மாதிரியை ஓட்டிக்காட்ட ஆள் உண்டா. கடைசிக் கேள்விக்கு "நீங்களே கற்றுக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால், இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு அதிலேயே கரைந்துபோகும்.

முன்பு எழுதிய அந்த இருவரையும் விட்டுவிடாதீர்கள். படம் தயாரானதும் அதே மின்னஞ்சல் தொடரிலேயே புதிதாக எழுதுங்கள். பழையதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவர்கள் அதைப் படித்திருக்கவே மாட்டார்கள். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அப்புறம் அடுத்த குழு.