சகலை பேசி முடித்த ஒப்பந்தம்

கேள்வி: என் கணவர் நகைச்சுவைக் குறும்படங்கள் எடுப்பவர். நான்கு நண்பர்களோடு சின்னக் குழுவாக இருந்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு நிறுவனம் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டு, குழுவைக் கலைத்துவிட்டது. கதையும் அவர்களே கொடுக்கிறார்கள். ஒப்பந்தத்தை என் அக்கா வீட்டுக்காரர்தான் பேசி முடித்தார், நாங்கள் படித்துப் பார்க்கவில்லை. இப்போது தினமும் குடி. கேட்டால், “பஸ்டர் கீட்டனையும் ஸ்டுடியோதான் கெடுத்தது. அவரும் குடித்தார், கடைசியில் உலகமே கொண்டாடவில்லையா?” என்கிறார். அவருக்கு எப்படி நம்பிக்கை கொடுப்பது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நம்பிக்கையை அப்புறம் பார்க்கலாம் அம்மா. “நாங்கள் படித்துப் பார்க்கவில்லை” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் வீட்டு வியாதி அங்கேதான் இருக்கிறது. கணவர், அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான கீட்டனை இழுத்ததால், கீட்டன் கதையையே முழுதாகச் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

கீட்டனுக்கு வாழ்வு கொடுத்த தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க். கீட்டனின் மனைவி நடாலியின் அக்கா நார்மாவைக் கட்டியவர், அதாவது சகலை. 1920-இல் தனி ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். நிறுவனத்தின் பெயரே கீட்டன் பெயர்தான், ஆனால் அதில் கீட்டனுக்கு ஒரு பங்குகூடக் கிடையாது. சம்பளமும் லாபத்தில் ஒரு பகுதியும் வந்தன, படங்கள் அவர் சொத்து இல்லை. அவர் கேட்கவும் இல்லை. எட்டு வருடம் கழித்து அதே சகலை, தன் தம்பி நிக்கோலஸ் தலைமையில் இருந்த எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ பக்கம் அவரைத் தள்ளிவிட்டார். வாரம் 3,000 டாலர். போகாதே என்று சாப்ளினும், இன்னொரு நகைச்சுவை நடிகரான ஹரால்ட் லாயிடும் எச்சரித்தார்கள். சகலை சொல்கிறாரே என்று 1928-இல் கையெழுத்துப் போட்டார். தன் வாழ்க்கையின் பெரிய தவறு அதுதான் என்று பிற்பாடு அவரே எழுதினார்.

குழு கலைந்தால் என்ன போகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில், சூறைக்காற்றில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுசாக அவர் மேல் சாயும். சுமார் இரண்டு டன் எடை. மேல்மாடி ஜன்னலின் திறப்பு சரியாக அவர் தலைக்கு நேரே இறங்கும், சுவர் தரையில் கிடக்கும், அவர் நின்றபடி நிற்பார். தலைக்கும் தோளுக்கும் சுற்றி இரண்டு மூன்று அங்குலம்தான் இடைவெளி. கால் வைக்கும் இடம் கொஞ்சம் பிசகினால் ஆள் காலி. அவர் அசையாமல் நின்றது தைரியத்தால் மட்டும் இல்லை. ஜன்னலின் அகலம், சுவர் சாயும் பாதை, நிற்கும் புள்ளி எல்லாவற்றையும் அளந்து வைக்க தொழில்நுட்ப இயக்குநர் ஃப்ரெட் கேபூரி மாதிரி ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள். கதையின் தொடக்கமும் முடிவும் கிடைத்தால் போதும், நடுவில் இருப்பதை அந்தக் குழு உட்கார்ந்து பேசியே கண்டுபிடிக்கும். முழு ஸ்கிரிப்ட் கிடையாது. எம்.ஜி.எம்.மில் எல்லாம் காகிதத்தில் முன்கூட்டியே தயாராகி வந்தது. இதில் கொடுமை, அங்கே எடுத்த பேசும் படங்கள் நன்றாகவே ஓடின. வசூல் வந்ததால் அவர் புலம்பலை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது குடி. உங்கள் கணவர் அதைக் கலைஞனுக்கு உண்டான குணம் மாதிரிப் பேசுகிறார். அது பொய், அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கீட்டனின் அப்பா ஜோவும் குடிகாரர். அந்தக் குடி தாங்காமல்தான் 1917-இல் குடும்பத்தின் மேடை நிகழ்ச்சியே உடைந்தது. அதைக் கண்ணால் பார்த்த மகன் அதே குழியில் விழுந்தார். 1932-இல் விவாகரத்து. மனைவி பிள்ளைகளின் குடும்பப் பெயரையே மாற்றிவிட்டார். 1933-இல் ஸ்டுடியோ வெளியே அனுப்பியது. 1935-இல் கைகளைக் கட்டும் சட்டை போட்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? பிள்ளை பெற்றவனுக்குக் குடிக்க உரிமை கிடையாது என்பது என் கட்சி. அதை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

உலகம் கொண்டாடியதாகச் சொல்கிறாரே, அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்லட்டும். 3,000 டாலர் வாங்கிய மனிதர், அதே எம்.ஜி.எம்.மில் வாரம் 100 டாலருக்கு மற்ற நடிகர்களின் படங்களுக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்தார். 1940-இல் கட்டிய எலினார் கடைசிவரை கூட நின்றார். கௌரவ ஆஸ்கர் வந்தது 1960-இல். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கியதுதான் நடுவில் இருக்கும் இருபது வருடம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மருந்தோடு நிறுத்துவார்கள்.

அடுத்தது ஒப்பந்தம். வரி வரியாகப் படியுங்கள். பழைய குறும்படங்களும் அதில் அடக்கமா? எத்தனை வருடம்? வெளியே படம் எடுக்கத் தடை உண்டா? எந்தத் தரப்பு எத்தனை நாள் நோட்டீஸில் விலகலாம்? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லை என்று குறிப்பிட வேண்டும். காலம் எழுதவில்லை என்றால் ஐந்து வருடம்தான். எல்லை எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். படித்த பிறகு, பதிப்புரிமை வழக்கு பார்க்கும் வக்கீலிடம் காட்டுங்கள். பழைய படங்களின் மூலப் பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

அக்கா வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது நீங்கள்தான், கணவர் இல்லை. அவர் சம்பந்தம் உங்கள் வழியாக வந்தது. மரியாதையாகவே கேளுங்கள்: “மாமா, அந்த ஒப்பந்தத்தின் நகல் வேண்டும். இதைப் பேசி முடித்ததற்கு உங்களுக்கு ஏதாவது வந்ததா?” அக்கா கோபித்துக்கொண்டு நாலு மாதம் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். நகல் இந்த வாரமே உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.