ஃப்ரோசன் ஷோல்டருக்கு லேசர்: பணம் கட்டறதுக்கு முன்னாடி

கேள்வி: அஞ்சு மாசமா கையைத் தூக்க முடியல. லேசர் வச்சா இறுகினது கரைஞ்சிடும்னு சொல்றாங்க, நிஜமா?

பதில்: கரையாது. மூட்டைச் சுத்தி இருக்கற உறை தடிச்சு சுருங்கிடறதுதான் இந்த நோவு, லேசர் அதைக் கரைக்காது. வலி கொறையலாம். 2014ல காக்ரேன்னு மருத்துவ ஆய்வுகளை அலசிப் பார்க்கற குழு ஒண்ணு ஆய்வுகளை ஒண்ணா வச்சுப் பார்த்தப்போ, வெறும் பயிற்சி செஞ்சவங்களை விட 8 வாரம் லேசரும் சேர்த்து எடுத்தவங்களுக்கு கை புழங்கறது 4 மாசம் வரைக்கும் கொஞ்சம் மேலா இருந்துருக்கு. ஆய்வுகள் சின்னது. பயிற்சியை விட்டுட்டு லேசர் மட்டும்னா வேணாம்.

கேள்வி: 20 சிட்டிங் பேக்கேஜுக்கு மொத்தமா கட்டினேன். 6 முடிஞ்சும் மாற்றம் இல்ல, மிச்சப் பணம் கேட்டா "முழுசா முடிங்க, தானா தெரியும்"னு சொல்றாங்க.

பதில்: உங்க மேல தப்பே இல்லங்க, வலில இருக்கறவங்க கிட்ட மொத்தமா வாங்கறதே தப்புன்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வரேன். இந்த நோவு பெரும்பாலும் 1 வருஷத்துலேருந்து 3 வருஷத்துக்குள்ள தானாவே தளர ஆரம்பிக்கும், அதனால எந்த பேக்கேஜ் வித்தாலும் கடைசில கொஞ்சம் சரியாகும், பேரு மெஷினுக்குப் போயிடும்! முதல் நாளே கை எவ்வளவு தூரம் வெளிப்பக்கம் திரும்புதுன்னு அளந்து எழுதினாங்களா? எழுதலன்னா முன்னேற்றம்னு எதை வச்சு சொல்றாங்க? அளவு, மெஷினோட பவர், அலைநீளம், மீதி சிட்டிங் கணக்கு எல்லாத்தையும் எழுத்துல கேளுங்க, ரசீதோட சேர்த்து வைங்க, பணம் திரும்பக் கேட்டு ஒரு கடிதமும் கொடுங்க. வாய்ப்பேச்சு புகார்ல நிக்காது.

கேள்வி: ஆன்லைன்ல சிவப்பா ஒளிர்ற தோள்பட்டை பெல்ட் லேசர்னு விக்கறாங்க. வாங்கலாமா?

பதில்: பவர் எத்தனை மில்லிவாட், அலைநீளம் எத்தனை நானோமீட்டர்னு போடலன்னா வாங்காதீங்க. சிகிச்சைல நிறைய 808, 904 நானோமீட்டர்தான் வைக்கறாங்க, அது அகச்சிவப்பு, கண்ணுக்கே தெரியாது, அதனால சிவப்பு வெளிச்சம் எதுக்கும் சாட்சி இல்ல. இதே மாதிரி பெல்ட் ஒண்ணு முழங்காலுக்கு வாங்கினேன், உள்ள சாதா எல்இடி, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல கிளாஸ் 4 மெஷின் வாங்கிட்டேன். கண்ணாடி வரல, கூலிங் கிளாஸ் போட்டுக்கலாமா?

பதில்: கூடாதுங்க! 500 மில்லிவாட்டுக்கு மேல போனாலே கிளாஸ் 4, லேசர்லயே ரொம்ப ஆபத்தான வகை, பளபளப்பான இடத்துல பட்டுத் திரும்பினாக்கூட விழித்திரை போயிடும், தோலும் சுடும். மேனுவல் இல்ல, கண்ணாடி இல்ல, பக்கத்துல குழந்தைங்க வேற இருக்காங்களோ என்னவோ, எதையும் கேக்காம எப்படிங்க வாங்கறீங்க? அந்த அலைநீளத்துக்குன்னே செஞ்ச கண்ணாடி வர்ற வரைக்கும் ப்ளக்கையே சொருகாதீங்க.

கேள்வி: சுகர் இருக்கு. ஸ்டீராய்டு ஊசியா, லேசரா?

பதில்: ஆரம்ப கட்ட வலிக்கு ஊசி சீக்கிரம் கேக்கும், ஆனா சில நாளைக்கு சுகர் ஏறும். உங்க சுகர் ரிப்போர்ட்டைக் கையில வச்சிருக்கற டாக்டர் கிட்ட முடிவு பண்ணுங்க, மெஷின் விக்கறவர் கிட்ட இல்ல.

கேள்வி: டாக்டரைப் பார்க்காமலே லேசர் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேணாம். தேய்மானமா, ஜவ்வு கிழிஞ்சதான்னு பார்க்காம எதுவும் வேணாம்.